அப்பா சட்டைப் பையில் இருந்த வால்வு

முருகா, இதை எழுதி முடிக்கும்வரை கீழே போனவர் மேலே வராமல் பார்த்துக்கொள்.

அன்பு மகன் செல்வத்துக்கு,

ஒரே வீட்டில் இருந்துகொண்டு தாய் மகனுக்குக் கடிதம் எழுதுவது வேடிக்கைதான். ஆனால் நான் உன்னிடம் சொல்ல வேண்டியதை இந்த வீட்டில் வாயால் சொல்ல முடியாது. இருப்பது இரண்டு அறை, நடுவே ஒரு பலகைத் தடுப்பு. இந்தப் பக்கம் மூச்சு விட்டால் அந்தப் பக்கம் அப்பாவுக்குக் கேட்கும். வெளியே போய்ப் பேசலாம் என்றால், நீயும் நானும் தனியாக எங்கே போயிருக்கிறோம்? கோயிலுக்குக்கூட அவர் முன்னே நடப்பார், நாம் பின்னே போவோம். அதனால் அவர் காப்பிக் கடைக்குப் போகும் நேரங்களில் கொஞ்சம் கொஞ்சமாக எழுதி அரிசிப் பானைக்குப் பின்னால் ஒளித்து வைத்து, இன்று முடிக்கிறேன். நாளைக் காலை நீ வேலைக்குப் போட்டுக்கொள்ளும் சட்டையின் பையில் இது இருக்கும். வேறு எங்கும் வைக்காமல் சட்டைப் பையில் வைப்பதற்குக் காரணம் உண்டு. படித்து முடிக்கும்போது உனக்கே தெரியும்.

போன ஞாயிற்றுக்கிழமை கேலாங்கில் கோமதி வீட்டுக்குப் போயிருந்தோம். தேத்தண்ணீரும் பலகாரமும் வந்தன. பெண்ணின் அப்பா பெருமையாகச் சொன்னார், "டெலிபோன் எக்ஸ்சேஞ்ச்ல நம்ம கோமதிய சூப்பர்வைசர் பரீட்சை எழுதச் சொல்லியிருக்காங்க மாப்ள. அவ செக்ஷன்ல இவ ஒருத்தியத்தான் கூப்பிட்டிருக்காங்க." நீ சிரித்துக்கொண்டே பதில் சொன்னாய். "அதெல்லாம் இனிமே எதுக்கு மாமா? கல்யாணத்துக்கு முன்னாடியே ரிசைன் பண்ணிடலாம் லா. லெட்டர நானே டைப் பண்ணிக் கொண்டாறேன், அவங்க சைன் பண்ணாப் போதும். நைட் ஷிஃப்ட், ஓவர்டைம்னு அவங்க ஏன் கஷ்டப்படணும்? வீட்ல நிம்மதியா இருக்கட்டும்." எல்லாரும் சிரித்தார்கள். பெண்ணின் அம்மா, "கொடுத்து வச்சவ என் பொண்ணு" என்றார். உன் அப்பா தலையை ஆட்டினார். கோமதி மட்டும் சாய்த்த கூஜாவை நிமிர்த்தாமல் நின்றாள். கோப்பை நிரம்பித் தட்டில் வழிந்தது. அவள் உன்னைப் பார்க்கவில்லை, தன் அப்பாவையும் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள். பிறகு தட்டைத் துடைத்துக்கொண்டே, "லெட்டர் எப்போ வேணும்?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

அந்தப் பார்வையை என்னால் ஒரு வாரமாகக் கழற்றிப் போட முடியவில்லை. வருகிற வெள்ளிக்கிழமை நிச்சயம். நாம் தாம்பூலத் தட்டு எடுத்துக்கொண்டு கேலாங் போக வேண்டும். அதற்கு முன் நீ ஒரு கதையைத் தெரிந்துகொள்ள வேண்டும். பாதிக் கதை உனக்குத் தெரிந்ததுதான். நீயே அதில் இருக்கிறாய், மறந்திருப்பாய்.

நம் வீட்டு ரேடியோவை நீ எப்போதும் சாயங்காலத்து ரேடியோவாகத்தான் அறிவாய். உலகச் சண்டை முடிந்து கப்பல்கள் மறுபடி ஓடத் தொடங்கியபோது நாகப்பட்டினத்திலிருந்து வந்து இந்த மாடியில் ஏறினேன். சிராங்கூன் ரோட்டிலிருந்து கிளை பிரியும் இந்தச் சந்தும், கீழே மளிகைக் கடையும், செங்குத்தான மரப்படியும் அன்றைக்கு எப்படியோ இன்றைக்கும் அப்படித்தான். படி இறங்கித் தனியாக எங்கும் போகக் கூடாது என்பது அப்பா வைத்த சட்டம். சட்டம் என்று அவர் சொன்னதே இல்லை. "உனக்கு எதுக்கு அந்தக் கஷ்டம்? தேக்கா மார்க்கெட்டுல ஒரே கூட்டம், சேறு. நான் வாங்கிட்டு வர்றேன்" என்பார். மீனும் காயும் அவரே வாங்கி வருவார். பூ வாங்கி வர மறக்க மாட்டார். கை நீட்டி அடித்தவர் இல்லை. குடித்துவிட்டு வந்தவர் இல்லை. அதனால்தான் யாரிடமும் சொல்லிக்கொள்ள முடியவில்லை. இவ்வளவு நல்ல மனிதரைப் பற்றி என்ன குறை சொல்வாய் என்று கேட்பார்கள். என்னையே நான் அப்படித்தான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

நீ நடக்கத் தொடங்கி ஓடித் திரிகிற வயதில் அந்த மர ரேடியோ வந்தது. ஊரைக் காலி செய்துகொண்டு போன ஒரு வெள்ளைக்காரரிடம் வாங்கினார். சாமி மாடத்துக்குப் பக்கத்தில் மேசை போட்டு வைத்தோம். முதல் சில நாட்கள் நான் பகலிலும் கேட்டேன். சமைத்துக்கொண்டே ஒரு பாட்டு, துணி மடித்துக்கொண்டே ஒரு பேச்சு. வீட்டுக்குள் இன்னொரு மனுஷி வந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது. ஒரு நாள் மத்தியானம் சாப்பிட வந்த அப்பா, படியேறும்போதே அந்தப் பாட்டையும், கூடவே நான் பாடுவதையும் கேட்டிருக்கிறார். கீழே மளிகைக் கடையில் நின்றவர்களும் கேட்டிருக்கிறார்கள். அவர் கோபப்படவில்லை. மறுநாள் காலை ரேடியோவின் பின்பக்க அட்டையைக் கழற்றி, உள்ளே கண்ணாடிக் குமிழ்களாக நின்ற ஐந்து வால்வுகளில் ஒன்றைப் பிடுங்கி, கைக்குட்டையில் சுற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "வால்வுக்கு ஆயுசு இவ்வளவுன்னு உண்டு. நீ பகல்ல போட்டா அது என் சாயங்காலத்தத் தின்னுடும்" என்றார். அந்த ரேடியோவில் ஐந்து வால்வுகளுக்கும் மின்சாரம் ஒன்றிலிருந்து ஒன்றாகப் போகும். ஒன்றை எடுத்துவிட்டால் மற்ற நான்கும் எரியாது. முகப்பு விளக்குகூட எரியாது. துறைமுகத்துக் கிடங்கில் சாமான் கணக்கு எழுதும் அவர், நாள் முழுக்க என் ரேடியோவின் உயிரை மார்பில் வைத்துக்கொண்டு கணக்கு எழுதினார். சாயங்காலம் வந்து கால் கழுவி, விபூதி பூசி, வால்வைச் செருகுவார். ரேடியோ பேசும். நீயும் அவர் மடியில் உட்கார்ந்து கேட்பாய்.

அவர் எடுத்துப்போன முதல் நாள் நான் என்ன செய்தேன் தெரியுமா? விசையைத் திருகிவிட்டு அதன் முன்னால் உட்கார்ந்திருந்தேன். வராது என்று தெரியும். இருந்தும் உட்கார்ந்திருந்தேன். உன் அத்தை, விதவையாகி நம்மோடு வந்து தங்கியிருந்த அப்பாவின் அக்கா, தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விட்டார். என்னைக் கண்காணிக்கத்தான் அவரை இங்கே வைத்திருக்கிறார்கள் என்று அன்று முடிவு செய்துகொண்டேன்.

அப்பாவிடம் ஒரு பிஸ்கட் டின் நிறைய மாற்று வால்வுகள் இருந்தன. சுங்கை ரோட்டுப் பழைய சாமான் சந்தையில், கப்பலிலும் பட்டாளத்து முகாமிலும் கழித்துப் போட்டதை எடை போட்டு வாங்கியது. ஒவ்வொன்றின் கண்ணாடியிலும் அதன் பெயர், எழுத்தும் எண்ணுமாக வெள்ளை மையில் அச்சடித்திருக்கும். அந்த வருஷம் ஆயுத பூஜை வந்தது. வீட்டில் உள்ள அரிவாள்மணை, கத்தரிக்கோல், தையல் ஊசிப் பெட்டி எல்லாவற்றையும் கழுவிச் சந்தனம் குங்குமம் வைத்தேன். அவருடைய கருவிகளையும் விட்டுவிடக் கூடாதே என்று அந்த வால்வுகளை ஒவ்வொன்றாக ஈரத்துணியால் துடைத்து, கண்ணாடி பளபளக்க, பொட்டு வைத்து வாழை இலையில் அடுக்கினேன். பார்க்க அத்தனை அழகு. அவர் வந்து பார்த்ததும் முகம் செத்துப்போயிற்று. "பேரெல்லாம் எங்க?" என்றார். எனக்குப் புரியவில்லை. "துடைச்சிட்டியே! எது என்ன வால்வுன்னு இனிமே யாருக்குத் தெரியும்? தெரியாம ஒண்ண மாத்திச் செருகினா கருகிப் போயிடும். அத்தனையும் வெறும் கண்ணாடி இப்போ!" துணியில் பார்த்தேன். வெள்ளையாகக் கொஞ்சம் மை. சாமிக்கு முன்னால் என்னைத் திட்ட வேண்டாம் என்று அவர் அத்தோடு நிறுத்திக்கொண்டார். டின்னைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினார். பயன் இல்லாத பொருளை யார் பூட்டி வைப்பார்கள்? அந்தத் தப்பை நான் செய்யாமல் இருந்திருந்தால் அவர் டின்னையும் பூட்டி வைத்திருப்பார். முருகன் எந்த வழியாக வருவான் என்று நமக்குத் தெரியாது.

அதற்கப்புறம் உனக்கு ஒரு காய்ச்சல் வந்தது. பகல் நேரம். சன்னல் வழியாகக் கயிற்றில் கூடையை இறக்கி, கீழே ஐஸைச் சீவி இனிப்பு ஊற்றித் தரும் ஐஸ் கச்சாங் தள்ளுவண்டிக்காரரிடம் ஒரு ஐஸ் கட்டி வாங்கி, கிண்ணத்தில் போட்டு உன் நெற்றிக்குத் துணி நனைத்துக்கொண்டிருந்தேன். நீ சிணுங்காமல் இருக்க அந்த டின்னை உன் பக்கத்தில் வைத்திருந்தேன். நீ ஒரு வால்வை ஐஸ் கிண்ணத்தில் போட்டுவிட்டாய். எடுத்துத் துடைக்கப் போனபோது கண்ணாடியில் பனி படர்ந்திருந்தது. அந்தப் பனிக்குள் நான் துடைத்து அழித்த எழுத்து நின்றது. மை போயிருந்தாலும் அது இருந்த இடம் கண்ணாடிக்கு நினைவிருந்தது போல. இரண்டு மூச்சு விடும் நேரம் தெரிந்தது, அப்புறம் மறைந்துவிட்டது. இன்னொன்றைப் போட்டேன். அதிலும் வந்தது.

நான் பள்ளிக்கூடம் போனவள் இல்லை என்பது உனக்குத் தெரியும். தமிழை என் அண்ணன் புத்தகத்தைப் பார்த்துக் கற்றேன். இங்கிலீஷ் எழுத்துகளை மளிகைப் பெட்டிகளின் மேல் அச்சடித்திருப்பதைப் பார்த்து வரைந்து வரைந்து கற்றேன். ரேடியோவின் பின்பக்க அட்டையில் ஒரு படம் ஒட்டியிருந்தது. எந்த இடத்தில் எந்த வால்வு என்று வட்டம் போட்டுப் பெயர் எழுதிய படம். அப்பா பிடுங்கிப்போன இடம் காலியாக, எட்டுத் துளைகளோடு, பல் விழுந்த வாய் போல இருந்தது. அந்த வட்டத்தில் இருந்த பெயரைக் கணக்கு நோட்டின் பின்பக்கம் எழுதிக்கொண்டு, பகல் பகலாக, ஐஸ் வாங்கிய நாட்களில் தேடினேன். உனக்கு அந்தக் காலத்தில் எத்தனை ஐஸ் கச்சாங் கிடைத்தது என்று நினைத்துப் பார். அவ்வளவும் பாசம் என்று நினைத்திருப்பாய். பாதி பாசம்தான்.

முதலில் கிடைத்ததில் எண் சரியாக இருந்தது, முதல் எழுத்து மட்டும் பனியில் கலங்கியிருந்தது. எண் ஒன்றுதானே என்று செருகி விசையைத் திருகினேன். சூடம் ஏற்றின மாதிரி உள்ளே ஒரு வெளிச்சம், உடனே அணைந்தது. எல்லாமே அணைந்தது. கருகியது அந்த ஒன்று மட்டுமா, மற்ற நான்குமா? அப்பா வந்து தன் வால்வைச் செருகி, ரேடியோ பேசாமல் போனால் என்ன சொல்வேன்? கருகியதைப் பிடுங்கி டின்னில் போட்டுவிட்டு, கந்த சஷ்டி கவசத்தை வாய் ஓயாமல் சொல்லிக்கொண்டு அன்று குழம்பு வைத்தேன். உப்புப் போட்டேனா என்றுகூடத் தெரியவில்லை. சாயங்காலம் அவர் வந்தார், செருகினார், திருகினார். வால்வு சூடேறிக் குரல் வர ஒரு நிமிஷம் ஆகும். அந்த ஒரு நிமிஷம் எனக்கு எப்படி இருந்தது என்று இப்போதும் எழுத வரவில்லை. ரேடியோ செய்தி வாசித்தது. அப்பா, "குழம்புல உப்பே இல்ல" என்றார். நான் சந்தோஷத்தில் சிரித்துவிட்டேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

பிறகு கவனமாக, முதல் எழுத்தும் பொருந்தும் ஒன்றைக் கண்டுபிடித்தேன். செருகினேன். ஐந்தும் மெல்ல மெல்ல, அடுப்புக் கரி கனிவது போலச் சிவந்தன. ஒரு பெண் குரல் வந்தது. பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கான இங்கிலீஷ் பாடம். ஒரு வாக்கியம் சொல்லிவிட்டு, திருப்பிச் சொல்வதற்கு நேரம் விட்டாள். யாரும் காதில் கேட்டுவிடாமல், உதட்டை மட்டும் அசைத்துத் திருப்பிச் சொன்னேன். அப்படித்தான் கற்றேன், செல்வம். நீ பள்ளியிலிருந்து கொண்டுவந்த தாள்களை நான் எப்படிப் படித்தேன் என்று நீ கேட்டதே இல்லை. அம்மாவுக்குத் தெரியும் என்று எடுத்துக்கொண்டாய். அப்பா வரும் முன் ரேடியோ ஆற வேண்டுமே என்று, வெயில் எதிர்வீட்டு ஓட்டில் ஏறியதும் அணைத்துவிடுவேன். வால்வைப் பிடுங்கி அரிசிப் பானைக்குள் புதைத்துவிடுவேன். மாடிக்கு ஒரே மின்சார மீட்டர், பில் ஏறினால் அப்பா கண்டுபிடிப்பார். கூடுதல் மின்சாரத்துக்கு ஈடாகச் சமையற்கட்டு விளக்கைக் குறைத்து, இருட்டில் பாத்திரம் தேய்த்தேன்.

ஒரு வெள்ளிக்கிழமை. துறைமுகத்தில் ஏதோ வேலைநிறுத்தம், கிடங்கை மூடிவிட்டார்கள். எனக்கு என்ன தெரியும்? பாடம் நடந்துகொண்டிருந்தது. படியில் அவர் செருப்புச் சத்தம் கேட்டது. விசையை அணைக்க மட்டும்தான் முடிந்தது. வால்வு உள்ளேயே இருந்தது, கொதிக்கக் கொதிக்க. உள்ளே வந்தவர் நேரே ரேடியோவிடம் போனார். "ஸ்ட்ரைக்காம். நியூஸ்ல என்ன சொல்றான் பார்ப்போம்" என்று பையிலிருந்து கைக்குட்டையை எடுத்தார். மறு கையை ரேடியோவின் தலையில் வைத்தார். வைத்த கை அங்கேயே நின்றது.

"ஏன் சுடுது?" என்றார்.

தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்து அத்தையின் குரல் வந்தது. "சுடாம என்ன செய்யும் நடராசா? சாம்பிராணிச் சட்டிய அது மேலதான் வச்சிருந்தேன்."

"நெருப்புச் சட்டியையா? பாலிஷ் போட்ட மரத்து மேலயா? அக்கா, உங்களுக்கு அறிவிருக்கா?"

"கண்ணு தெரியல. மேசைன்னு நினைச்சேன். போ, உன் ரேடியோ ராசாவுக்கு ஒண்ணும் ஆவல."

அப்பா உன்னைப் பார்த்துத் திரும்பினார். நீ தரையில் உட்கார்ந்து கோலிக்குண்டுகளை வரிசையாக வைத்துக்கொண்டிருந்தாய். "டேய், உண்மையச் சொல்லு. யாரு வச்சா?" என்றார். நீ நிமிர்ந்து என்னைப் பார்த்தாய், அத்தையைப் பார்த்தாய். "அத்தைதான் வச்சாங்க. பொகையா வந்துச்சு" என்றாய். பள்ளிக்கூடம்கூடப் போகாத பிள்ளை. உனக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்?

அவர் பின்பக்கமாகப் போய் அட்டையில் கை வைத்தார். அந்த அட்டை திறந்தால் காலியாக இருக்க வேண்டிய இடத்தில் ஒரு வால்வு நிற்கும். அத்தை தடுப்பைச் சுற்றிக்கொண்டு ஓடி வந்தார். "ஏய், ஏய்! வெள்ளிக்கிழமையும் அதுவுமா, ஊரு கூட்டத்துல நின்னுட்டு வந்த உடம்போட சாமி மாடத்துக்கிட்ட போறியா? விளக்கு எரியுது. மொதல்ல தலைக்குத் தண்ணி ஊத்திக்கிட்டு வா." அவருக்கு அந்தப் பயம் உண்டு. கைக்குட்டையை மேசைமேல் வைத்துவிட்டுக் குளியலறைக்குப் போனார். தண்ணீர்ச் சத்தம் கேட்டதும் நான் அட்டையைத் திறந்து வெறும் விரலால் வால்வைப் பிடுங்கினேன். தோல் அதில் ஒட்டிக்கொண்டது. அரிசிப் பானைக்குள் புதைத்துவிட்டுக் கையையும் அரிசிக்குள்ளேயே வைத்துக்கொண்டு நின்றேன். என் வலது கை விரல்நுனியில் இருக்கும் தழும்பைத் தோசைக்கல் சுட்டது என்று உன்னிடம் சொல்லியிருக்கிறேன். தோசைக்கல் இல்லை.

இரண்டு நாள் பயத்தில் ரேடியோவைத் தொடாமல் இருந்தேன். மூன்றாம் நாள் பகலில் அத்தை அரிசி புடைத்துக்கொண்டே, யாரையோ கேட்பதுபோலக் கேட்டார், "இன்னைக்கும் வரலையா உன் இங்கிலீஷ் வாத்தியாரம்மா? கடைசியா என்ன சொன்னா? மழை பெய்யறதுக்கு என்னமோ சொன்னாளே." அவரும் அந்தப் பக்கத்திலிருந்து உதட்டை அசைத்துக்கொண்டிருந்திருக்கிறார். என்னைக் காவல் காக்க வைத்தவர் என்று நினைத்திருந்தேன். அவரும் என்னைப் போலத்தான் அடைபட்டுக் கிடந்தார். அத்தை இறந்தபோது நீ ஏன் அம்மா இப்படி அழுகிறார் என்று பார்த்தாய்.

வால்வுக்கு ஆயுசு உண்டு என்று அப்பா சொன்னது பொய் இல்லை. சில வருஷம் கழித்து அவர் கண்ணெதிரே ரேடியோ அணைந்தது. "ஒரு நாளைக்கு ரெண்டு மணி நேரந்தானே போடறோம், எப்படிப் போச்சு?" என்று தவித்தார். பகலில் நான் போட்ட மணிக்கணக்கு அவருக்கு எப்படித் தெரியும்? கடைக்குக் கொண்டுபோனால் புது வால்வுக்கு ஒரு வாரச் சாப்பாட்டுச் செலவு ஆகும். மறுநாள் பகலில் ஒவ்வொரு இடத்துக்கும் உரிய ஜோடியை ஐஸில் வைத்துத் தேடி எடுத்து, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்த்து, எது செத்தது என்று கண்டுபிடித்தேன். ஆனால் அதை எப்படிச் சொல்வது? சாயங்காலம் டின்னைச் சாமி முன்னால் வைத்து, கண்ணை மூடிக் கையை விட்டு எடுப்பதுபோல எடுத்து, "மனசுல தோணுச்சுங்க. அந்த ஓரத்துல இத வச்சுப் பாருங்க" என்றேன். ரேடியோ பாடியது. அப்பா அழுதேவிட்டார். துறைமுகம் முழுக்கச் சொன்னார், தன் மனைவி கும்பிட்டு எடுத்த வால்வு என்று. யாரோ ஒருவர் தன் வீட்டு ரேடியோவுக்காகவும் நான் கும்பிட வேண்டும் என்று ஆள் அனுப்பினார். பக்தி என்றால் அப்பா நம்பினார். நான் தெரிந்துகொண்டேன் என்றால் நம்பியிருக்க மாட்டார். என் முருகனை ஒரு திரையாக வைத்துக்கொண்டதுதான் அதில் எனக்கு இன்றும் உறுத்தல்.

இந்த நாடு தனியாகப் பிரிந்த அன்று அந்தச் செய்தியை நான் இரண்டு முறை கேட்டேன். காலையிலேயே ரேடியோவில் கேட்டேன். சன்னலுக்குக் கீழே ஆட்கள் கூடிக் கூடிப் பேசினார்கள். என் பிள்ளை எந்த நாட்டுக்காரன் ஆகப்போகிறான், வேலை இருக்குமா, அரிசி வருமா என்று எல்லாம் கேட்க வேண்டும்போல இருந்தது. கேட்க முடியாது, ஏனென்றால் எனக்கு எதுவும் தெரியாது. சாயங்காலம் அப்பா வந்து, வால்வைச் செருகுமுன் என்னை உட்கார வைத்து, "ஒனக்கு விஷயம் தெரியாது. இன்னைக்கு என்ன ஆச்சு தெரியுமா?" என்று பொறுமையாகச் சொன்னார். நான் "அப்படியா!" என்றேன். காலையிலிருந்து ஒருத்தி தனியாகச் சுமந்ததை, சாயங்காலம் முதல்முதலாகக் கேட்பதுபோல முகத்தை வைத்துக்கொண்டு கேட்டேன். அந்த "அப்படியா" தான், செல்வம், எனக்குக் கிடைத்த குடித்தனம்.

நீ முதல் சம்பளத்தில் எனக்கென்று ஒரு டிரான்சிஸ்டர் வாங்கித் தந்தாய். வால்வே இல்லை, பிடுங்குவதற்கு ஒன்றும் இல்லை என்று எத்தனை சந்தோஷப்பட்டேன். அப்பா வேலையிலிருந்து ஓய்வு பெற்றார். அந்த டிரான்சிஸ்டரை இப்போது காப்பிக் கடைக்குக் கையோடு எடுத்துப் போகிறார். அவர் என்னிடமிருந்து எடுத்துப்போவதாக நினைக்கவில்லை. அதை நீ புரிந்துகொள்ள வேண்டும். ஒருநாளும் அப்படி நினைத்ததில்லை. எனக்குக் கஷ்டம் வேண்டாம் என்றுதான் நினைத்தார். பழைய மர ரேடியோவின் வால்வும் இன்னும் அவர் சட்டைப் பைக்குத்தான் போகிறது, பழக்கத்தில். இப்போது இதை எழுதும்போது அந்த ரேடியோ மெல்லப் பாடிக்கொண்டிருக்கிறது. கொஞ்ச நேரத்தில் அணைத்துவிடுவேன்.

"வீட்ல நிம்மதியா இருக்கட்டும்" என்று நீ சொன்னபோது, அதே குரல், அதே அன்பு. ஞாயிற்றுக்கிழமை அப்பா அங்கே தலையை ஆட்டியபோது உங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தேன். எந்த ஊர்க்காரர் எந்த ஊர்க்காரரோடு பேச வேண்டுமென்றாலும் கம்பியைச் செருகி இணைத்துவிடுகிற பெண் அவள். அவள் கையால் எழுதாத கடிதத்தை நீ டைப் அடித்துக் கொண்டுபோய்க் கையெழுத்து வாங்கப் போகிறாய். அதை மடித்துச் சட்டைப் பையில்தானே வைப்பாய்? வேலைக்குப் போ என்றோ போகாதே என்றோ நான் அவளுக்குச் சொல்ல மாட்டேன். போக வேண்டாம் என்று அவளே சொன்னால் அது அவள் பாடு. அவள் சொல்லட்டும். பரீட்சை எழுத ஆசையா என்று அவளைக் கேள். அவள் அப்பாவைக் கேட்காதே, என்னையும் கேட்காதே. அவள் சொல்கிறது உனக்குப் பிடிக்காமல் போனாலும் கேட்டுக்கொண்டு நில்.

என்னை இந்த மாடியிலிருந்து இறக்கிக் கூட்டிப்போவதாக நீ பலமுறை சொல்லியிருக்கிறாய், புது அடுக்குமாடி வீடு கிடைத்ததும். கிடைக்கட்டும். அங்கேயும் அப்பா வருவார், சட்டையும் பையும் வரும். எனக்காக நீ எதுவும் செய்ய வேண்டியதில்லை. எனக்கு என் வழி இருக்கிறது. அவளுக்கு அரிசிப் பானை வேண்டாம்.

இந்தக் குடும்பத்தில் என் கையில் இருக்கிற ஒரே ஒரு காரியம் தாம்பூலத் தட்டு. மாப்பிள்ளையின் தாய் சுமங்கலியாக இருந்தால் அவள்தான் அதை எடுத்துக்கொண்டு படி இறங்க வேண்டும். அது உன் அப்பாவும் மாற்ற முடியாத முறை. வெள்ளிக்கிழமைக்குத் தேங்காய், பழம், மஞ்சள், பூ எல்லாம் நான் சொல்லி வந்துவிடும். வெற்றிலை மட்டும் நான் சொல்லவில்லை. அப்பா கேட்டால், செல்வம் வாங்கி வருவான் என்று சொல்லிக்கொள்கிறேன். நீ வியாழக்கிழமை வேலை விட்டதும் கேலாங் போ, அவளைக் கேள். கேட்டுவிட்டு வந்து இந்த வீட்டில் என்னிடம் ஒரு வார்த்தையும் பேச வேண்டாம். வரும் வழியில் சிராங்கூன் ரோட்டில் ஒரு கவுளி வெற்றிலை வாங்கிக்கொண்டு படியேறி வா. அதைப் பார்த்தால் எனக்குப் போதும். நீ வெறுங்கையோடு வந்தால், வெள்ளிக்கிழமை காலை எனக்குத் தலை சுற்றும், எழுந்திருக்க முடியாது. எத்தனை பேர் வந்து கூப்பிட்டாலும் எழுந்திருக்க மாட்டேன்.

சிறு பிள்ளையாக இருந்தபோது, "பொகையா வந்துச்சு" என்று எனக்காக ஒரு வார்த்தை சொன்னவன் நீ.

சட்டையை இஸ்திரி போட்டுக் கதவில் மாட்டியிருக்கிறேன். காலையில் படித்ததும் இதைக் கிழித்துப் போட்டுவிடு. வெற்றிலையைத் தண்ணீர் தெளித்து ஈரத்துணியில் சுற்றித் தரச் சொல். கேலாங் போய்ச் சேர்வதற்குள் வாடிவிடக் கூடாது.

அம்மா